கேட்டுக் கற்ற மறை

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்லும்போதெல்லாம் நாம் ஒரு மாணவரை நினைக்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் அங்கே நம்பிள்ளை திருவாய்மொழிக்கு உரை சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதினார் என்பர், அதுவே ‘ஈடு’. தம் இசைவின்றி எழுதியமையால் ஆசிரியர் சுவடியை வாங்கி வைத்துக்கொண்டாராம். கடுமைதான், ஆயினும் மறையை முன்னோர் உரையோடு கேட்டே கற்கவேண்டும் என்னும் அவ்வுறுதி நம்மை நாணச் செய்கிறது.

விவிலியம் இறைமக்கள் எல்லார்க்கும் எட்டவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. 1995இல் தமிழில் பொது மொழிபெயர்ப்பும் வந்தது. நூல் கைக்கு வந்தது. கூடிக் கேட்கும் வழக்கமோ வளரவில்லை. ஒற்றை வசனத்தைப் பிடுங்கி அண்டையாரைச் சாடுகிறோம். எழுதியவரின் கருத்தையும் இலக்கிய வகையையும் திருச்சபையின் வாழும் மரபையும் நோக்குமாறு அதே சங்கம் பணித்ததை மறந்தோம். தேரில் எசாயாவைப் படித்த எத்தியோப்பியரோ, விளக்குவோரின்றிப் புரியாதென ஒப்பி, பிலிப்பைத் தம்மருகே அமர்த்திக்கொண்டார்.