உயர்மலை முகாம்

உயர்மலை முகாம் என்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2500 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் கூடாரமிட்டுத் தங்குவதாகும். தமிழ்நாட்டின் மிகவுயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான் என்பதால், இங்கிருந்து இதற்கெனச் செல்வோர் பெரும்பாலும் இமயமலையையே நாடுகின்றனர்.

உயரத்துக்குப் பழகுதல்

உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். சுமார் 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசனும் அதற்கேற்பக் குறைகிறது. சென்னையை அடுத்த வேப்பம்பட்டு போன்ற சமவெளி ஊரினர் விமானம் மூலம் ஒரே நாளில் லடாக்கின் லே நகரை (ஏறத்தாழ 3500 மீட்டர்) அடைந்துவிடலாம். உடல் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. எனவே முதல் இரண்டு நாட்களேனும் லேயிலேயே ஓய்வெடுத்தல் வேண்டும்.

3000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் மேலும் ஓர் இரவு தங்குவதும் பொதுவிதி. விடுப்பு போதாதபோது பயணத்திட்டத்தில் முதலில் நீக்கப்படுபவை இந்த ஓய்வு நாட்களே, நீக்கக்கூடாதவையும் இவையே.

உயரநோய்

தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தொடக்க அறிகுறிகள். இவை தோன்றினால் மேலும் ஏறக்கூடாது. தள்ளாட்டமும் மனக்குழப்பமும் மூளை வீக்கத்தையும், ஓய்விலும் நீங்காத மூச்சுத்திணறல் நுரையீரலில் நீர் கோத்தலையும் காட்டும். இவை உயிரைப் பறிக்கக்கூடியவை. நள்ளிரவாயினும் உடனே கீழிறங்குவதே முதன்மைச் சிகிச்சை. இளமையும் உடற்பயிற்சியும் இந்நோயைத் தடுப்பதில்லை. அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும். மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

உணவு

லேயின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 88 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே அரிசியும் பருப்பும் வேகப் பிரஷர் குக்கர் தேவை.