மலைநாட்டுக் கருங்கல்லும் நிலத்தடி நீராவியும்

ஹட்டனிலிருந்து நோக்குவார்க்குத் தென்மேற்கே சிவனொளிபாத மலை புலப்படும். அம்மலைத்தொடரின் தென்சரிவுகளுக்கு அப்பால் பலாங்கொடை உள்ளது. மாணிக்கம் தேடுவோர் அரித்துப் பார்க்கும் அப்பகுதிப் பரல்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனமான சிறு கருங்கட்டிகள் சில அகப்பட்டன.

அக்காலத்தில் இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருநடனத்தின் பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய அப்பெரியாரேதாம். அவருடைய கலையைப் போற்றும் தமிழுலகம் அவர் ஆராய்ந்த கல்லை மறந்தது முறையன்று. யுரேனியக் கனிமமென்று அவர் முதலிற் கருதிய அதனை 1904இல் டன்ஸ்டன் என்னும் அறிஞர் சோதித்து, தோரியமே மிகுதியெனக் கண்டு, தோரியனைற் எனப் பெயரிட்டார். அக்கல்லைச் சூடாக்கியபோது ஈலியம் என்னும் வாயு வெளிப்பட்டது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 9 கன சென்ரிமீற்றர்! தோரியமும் யுரேனியமும் சிதையுந்தோறும் ஈலியம் பிறந்து கல்லினுள்ளேயே சிறைப்பட்டிருந்தது.

அதே 1904இல் இத்தாலியின் லார்டரெல்லோவில், நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை ஏற்றினார் ஜினோரி கொன்ரி என்னும் பிரபு. இவ்விரண்டுக்கும் உறவுண்டென அன்று எவரும் எண்ணியிரார்.

உறவு இதுவே. ஈலியத்தில் எடை 3, எடை 4 என இருவகை அணுக்கள் உள்ளன. பாறையிற் பிறப்பது பெரும்பாலும் நாலாம் எடையினது. மூன்றாம் எடையினது பூமி தோன்றிய காலந்தொட்டு ஆழத்தில் அடைபட்டிருப்பது. இவற்றின் விகிதம், எரிமலைக் குழம்பு தோன்றும் ஆழத்தில் காற்றிலுள்ளதைப் போல் சுமார் 8 மடங்கு. பழம்பாறையிலோ ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே நீராவியின் ஈலியமே அதன் பிறப்பிடத்தைக் கூறிவிடும்.

ஆகனும் நியோனும் வேறு கதை கூறும். அவை மழைநீரிற் கரைந்து நிலத்துள் இறங்கும் காற்றின் பகுதிகள். தேநீருக்கு வைத்த நீர் கொதிக்குமுன்னரே குமிழியிட்டுக் காற்றை இழக்கிறதன்றோ? நிலத்தடியிலும் அவ்வாறே; கொதித்து எஞ்சிய நீரில் அவை குறைந்திருக்கும். மெக்சிக்கோவின் செரோ பிரியெற்றோ வெப்பவயலில் இவ்வாயுக்களை அளந்து, அங்குள்ள நீர் மழையால் வந்ததென்றும் ஒரு பகுதி கொதித்து ஆவியானதென்றும் அறிந்தனர். வயலை வற்றவிடாமல் ஆள்வோர்க்கு இக்கணக்கு உயிர்நாடி.

இலங்கையில் எரிமலை இல்லை. ஆயினும் மகா ஓயாவிலும் கன்னியாவிலும் வெந்நீர் ஊறுகின்றது. கன்னியாவின் ஏழு கிணறுகளை இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழச்சென்று சூடேறி மீள்கிறது என்பர் ஆய்வாளர். அவ்வாறாயின், அந்நீரில் எழும் குமிழியிலுள்ள ஈலியம் பெரிதும் பலாங்கொடைக் கருங்கல்லில் அடைபட்டிருந்ததைப் போலப் பாறையிற் பிறந்த நாலாம் எடையினதாகவே இருக்கவேண்டும்.