ஒரு மூச்சின் விலை



கோலா சிலாங்கூரில் புக்கிட் மலாவாத்திக் குன்றின் மேல் நின்று நாம் கடலைப் பார்த்திருக்கிறோம். அது சேறு கலந்த கடல். கெராங் எடுப்பவர்கள் இங்கே உண்டு. ஆனால் மூச்சை அடக்கி ஆழத்தில் மூழ்குவோரைக் காண்பது அரிது. நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகத்திலோ, மூழ்குவதையே தொழிலாகக் கொண்ட மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த அவர்களைப் பற்றி இன்று அறிந்து கொள்வோம்.

பாண்டியரின் துறைமுகமான கொற்கை முத்துக்குப் பெயர் பெற்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூல் ஒன்று, அங்கே தண்டனை பெற்ற கைதிகளே முத்தெடுத்தார்கள் என்று கூறுகிறது. அரசியரின் கழுத்தில் ஒளிவிட்ட முத்து யாருடைய மூச்சில் கிடைத்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

அவர்கள் எப்படி மூழ்கினார்கள்? கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் காலை வைத்து, கழுத்தில் வலைப்பையைத் தொங்கவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது 30 முதல் 60 அடி. உயர்ந்த தென்னை மரத்தின் உச்சியிலிருந்து அடிக்கு இறங்குவது போன்றது. கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிட நேரம். அதற்குள் சிப்பிகளைப் பொறுக்கிக் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் மேலே இழுப்பார். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலியைக் காக்க நினைப்பவன் கயிற்றை நழுவ விடமாட்டான் அல்லவா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கும், சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்று என்று எழுதினார். மூழ்கியவர்களோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள்.

பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைக் கரையில் மற்றொரு முறை இருந்தது. கொண்டுவந்த சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குவியல் குளிப்பவர்களுக்கு என்பதை அதிகாரி சுட்டிக் காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்திற்கு! குவியல்கள் சமம்தான், பங்கு சமமா? குளித்தவர், கயிறு பிடித்தவர், படகுக்காரர் எல்லோரும் அந்த ஒரு குவியலையே பகிர்ந்து கொண்டார்கள். எடைக் கணக்கில் பால்மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு இந்தக் கணக்கு புரியாத ஒன்றன்று.

1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, காக்னான் என்னும் இருவர், முதுகில் காற்றுக்கலன் சுமந்து நீருக்குள் மூச்சுவிடும் கருவியை அமைத்தார்கள். அதன்பின் மூழ்குவது பொழுதுபோக்காகவும் ஆயிற்று. இன்று அமெரிக்காவின் கலிபோர்னியா, புளோரிடா கரைகளில் மக்கள் படகை வாடகைக்கு அமர்த்தி, பணம் கொடுத்து மூழ்கிச் சிங்கி இறால் பிடிக்கிறார்கள். நம் ஊரில் அதை உடாங் காரா என்போம். கலிபோர்னியாவில் மூழ்குபவர்கள் அதைக் கையால்தான் பிடிக்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழுதான். அளவுகோலுக்குச் சிறியதை உடனே நீரில் விட வேண்டும். புளோரிடாவில் முட்டை சுமந்த இறாலை எடுக்கக் கூடாது. அங்கே இறாலுக்கும் சட்டக் காவல் உண்டு. அன்று மூழ்கிய மனிதனுக்கோ, காவல் கயிறு ஒன்றுதான்.

தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. சங்கு குளிப்போர் அதன் பின்னும் கடலில் இறங்கி வந்தார்கள்.

பிள்ளைகளே, வரலாற்றில் முத்தை அணிந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதை எடுத்தவர்களின் பெயர்கள் இல்லை. உங்கள் பாட்டனாரும் பாட்டியும் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதை இன்று இரவே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் அதை வேறு யார் எழுதுவார்கள்?