வேலையில்லாத துண்டு

பல வருஷமாக ரத்தக் கொதிப்பு இருப்பவரின் இதயத்தில் முதலில் அடி வாங்குவது இடது கீழறை. அதிக அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கிறது, விறைக்கிறது. சுவர் இழுபட ஆரம்பித்ததும் அங்குள்ள தசைச் செல்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியைத் தயாரிக்கின்றன. ஒரு நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. 32 அமிலங்கள் கொண்ட சின்னத் துண்டுக்கு பி.என்.பி. என்று பெயர். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்ற வைக்கும் ஹார்மோன் அது. அழுத்தத்தைக் குறைக்க இதயம் தனக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் மாத்திரை என்றே சொல்லலாம். மீதி 76 அமிலங்கள் கொண்ட பெரிய துண்டு என்.டி. ப்ரோ பி.என்.பி. தெரிந்தவரை அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் டாக்டர்கள் தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.

1981இல் கனடாவின் கிங்ஸ்டனில் அடோல்ஃபோ டி போல்ட் எலி இதயத்தின் மேலறையிலிருந்து சாறு எடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினார். எலிகளுக்குச் சிறுநீர் பெருகியது, கூடவே உப்பும் கொட்டியது. இதயம் ஹார்மோனும் சுரக்கும் என்பது அப்போதுதான் உறுதியானது. 1988இல் ஜப்பானியர்கள் பி.என்.பி.யைக் கண்டுபிடித்தது பன்றி மூளையில். மனிதர்களில் அது முக்கியமாக இதயக் கீழறையிலிருந்து வருகிறது என்பது பிறகு தெரிந்தது. நம்முடைய பெரிய துண்டும் மனித ரத்தத்தில் சுற்றுகிறது என்று காட்ட 1995 ஆயிற்று. காட்டியவர்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த ஆய்வாளர்கள்.

வேலை செய்யும் துண்டுக்கு ஆயுள் குறைவு. உடம்புக்குள் 20 நிமிஷத்தில் பாதி போய்விடும். குழாயில் எடுத்த பிறகும் சிதைந்துகொண்டே இருக்கும், சில மணி நேரத்துக்குள் பரிசோதித்தாக வேண்டும். வேலையில்லாத துண்டோ உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். குழாயில் நாள் கணக்கில் தாங்கும். ரத்தம் எடுக்கும் இடம் ஒன்று, மெஷின் இருக்கும் இடம் வேறு என்ற நம் ஊர் நிலவரத்துக்குத் தோதானது இதுதான்.

மும்பைப் பக்கத்துச் சான்பாடாவில் காலையில் லேப் பையன் வீட்டுக்கே வருகிறான். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, பார்கோடு ஒட்டுகிறான். அரை மணி நேரத்தில் ரத்தம் உறைந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் குழாயின் நடுவே ஜெல் ஒரு தடுப்பாக நிற்கும். கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம். நம் துண்டு இருப்பது அந்தச் சீரத்தில்.

தாணே போகும் வண்டியில் சான்பாடாவுக்கு அடுத்த ஸ்டேஷன் துர்பே. தைரோகேர் நிறுவனத்தின் மத்திய லேப் அங்கேதான் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த அ. வேலுமணி 1996இல் பைகுல்லாவில் தொடங்கிய நிறுவனம் அது. தொடங்கியது தைராய்டு பரிசோதனைக்காக. ஊருக்கு ஊர் மெஷின் வாங்கிப் போடுவதைவிட, ரத்தம் எடுத்த குழாய்களை ராத்திரி விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் பரிசோதித்தால் செலவு குறையும் என்பது அவர் கணக்கு. கெடாமல் பயணம் செய்யும் பொருளுக்குத்தான் அந்தக் கணக்கு சரிப்படும்.

மெஷினுக்குள் இரண்டு ஆன்டிபாடிகள் துண்டை இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. பரவலாக இருக்கும் ஒரு முறையில் ஒன்றைக் காந்தத் துகள் இழுத்து நிறுத்தும், இன்னொன்றில் இருக்கும் ருத்தேனியம் மின்சாரம் பட்டு ஒளிரும். ஒளி கூடினால் துண்டும் அதிகம். 18 நிமிஷ வேலை. அளவு பிகோகிராமில் வரும், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. சில மெஷின்களில் அது கணக்கைக் குறைத்துக் காட்டிவிடும்.

மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், நிதானமாக டாக்டரைப் பார்க்க வந்தவருக்கு இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு வந்தவருக்கு அந்த எல்லை 300. வயது ஏறினால் எண் ஏறும், தொப்பை பெருத்தால் இறங்கும், துடிப்பு தாறுமாறானாலும் ஏறும். சுவர் தடித்தும் எண் சாதாரணமாக இருப்பவர்கள் உண்டு, ஆகவே 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை நம்பி பி.பி. மாத்திரையை நிறுத்துவது அசட்டுத்தனம்.

அறிகுறியே இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனை எதற்கு என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அயர்லாந்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாதிரி ஆபத்துகள் இருந்த 1,374 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கொஞ்சம் தளர்த்தியது. அவர்கள் அளந்தது சின்னத் துண்டை. எண் 50 ஆனதும் எக்கோ எடுத்து, இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். அப்படிச் செய்த குழுவில் கீழறை பழுதானவர்கள் 5.3 சதவீதம், செய்யாத குழுவில் 8.7. பலன் வந்தது எண்ணுக்குப் பின்னால் நடந்த கவனிப்பால். அது இல்லாமல் 'ஃபுல் பாடி' பேக்கேஜில் இதைச் சேர்த்து விற்பது வெறும் வியாபாரம்.

நம் பெரிய துண்டு உடம்பை விட்டுப் போகும் முக்கியமான வழி சிறுநீரகம். கொதிப்பு நெடுநாள் இருந்தால் அந்தச் சிறுநீரகமும் தேய்ந்திருக்கும். துண்டு போக வழியில்லாமல் தேங்கும். இதயம் எப்போதும்போல இருந்தாலும் எண் உயர்ந்து காட்டும். அதனால் அதே மஞ்சள் மூடிக் குழாயிலேயே கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டியதில்லை.