மண் தேரும் பொன் அணியும்



காதலும் தன்னலம் பற்றிய வேட்கையும் பெரும்பாலும் ஒரே மொழியையே பேசுகின்றன. அவற்றை வேறு பிரித்தறிவது எவ்வாறு? சூத்திரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்னும் வடமொழி இன்பியல் நாடகம் இதற்கு விடை தருகிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கியது இதனையே.

உச்சயினி நகரத்துக் கணிகை வசந்தசேனை, கொடையால் வறியவனாகிய சாருதத்தனை விரும்புகிறாள். அரசனின் மைத்துனன் சகாரனோ அவளை அடையத் துடிக்கிறான்; பத்தாயிரம் பொன் பெறுமதியான அணியை அனுப்புகிறான். அவள் மறுக்கிறாள்.

த. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்திலே பாசருடையனவாகப் பதிப்பித்த நாடகங்களுள் 'சாருதத்தம்' ஒன்று. இக்கதையே அதில் நான்கு அங்கங்களில் நின்றுவிடுகிறது. சூத்திரகர் நாடகம் பத்து அங்கங்களுடையது. காதல் சோதனைக்குள்ளாவது பின்னைய ஆறு அங்கங்களிலேதான் என்பது என் கருத்து.

சாருதத்தனின் மகன் மண் தேரை வெறுத்துப் பொன் தேர் கேட்டு அழுகிறான். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி அம்மண் தேரை நிரப்புகிறாள். சகாரனின் பொன் விலை. அவளுடைய பொன் கொடை. வேறுபாடு இங்கே துலங்குகிறது.

பூங்காவிலே தனித்து அகப்பட்டபோதும் அவள் இணங்கவில்லை. சகாரன் அவள் கழுத்தை நெரிக்கிறான்; இறந்தாளென எண்ணிப் பழியைச் சாருதத்தன் மீது சுமத்துகிறான். குழந்தைக்குக் கொடுத்த அணிகளே நீதிமன்றில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகின்றன. நீதிபதி நாடுகடத்தலைப் பரிந்துரைக்க, மன்னன் பாலகன் மரணதண்டனை விதிக்கிறான். அவள் முன்னர்க் கடன் தீர்த்து விடுவித்த ஒருவன், இப்போது பௌத்த துறவி, அவளைக் காப்பாற்றுகிறான். கொலைக்களத்துக்கு அவள் விரைந்து வரவே சாருதத்தன் உயிர் பிழைக்கிறான்.

இங்கு ஒன்றை நாம் மறத்தலாகாது. சகாரனின் வேட்கை கொடிதாவதற்கு அவன் குணம் மாத்திரம் காரணமன்று. அரச உறவு தரும் அச்சமின்மையும் காரணம். ஆகவேதான் பாலகன் வீழ்ந்து ஆரியகன் அரசனான பின்னரே வசந்தசேனைக்குக் குலமகள் என்ற தகுதி கிடைக்கிறது. காலில் விழுந்த சகாரனையோ சாருதத்தன் மன்னித்து விடுகிறான்.

எனினும், கணவன் மானங்காக்கத் தன் முத்துமாலையை ஈந்த மனைவி தூதையின் மனத்தை இந்நாடகம் அதிகம் திறந்து காட்டவில்லை. கேளாது கொடுத்த அவள் அன்பையும் எண்ணிக்கொண்டே பண்டிதமணியின் நூலைப் படியுங்கள்.