டைப் 1 சர்க்கரை நோய்: கணையத்தை ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோடை வெயிலில் பிள்ளைகள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பது புதிதல்ல. அதனாலேயே டைப் 1 சர்க்கரை நோயின் முதல் அறிகுறி பல வீடுகளில் 'சூடு' என்று கடந்துபோய்விட வாய்ப்பு உண்டு. பிறகு வயிற்று வலி, வாந்தி வந்ததும் 'ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்' என்று தோன்றும். ஆனால் அங்கே முதலில் தேவை ஸ்கேன் அல்ல, விரல் நுனி ரத்தத்தில் செய்யும் சர்க்கரை டெஸ்ட்.

வெயில் தாகமா, சர்க்கரையா?

வெயிலில் வியர்த்து தாகம் எடுத்தால் சிறுநீர் குறைவாக, மஞ்சளாகப் போகும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குடிக்கக் குடிக்க சிறுநீரும் அதிகமாகப் போகும். ராத்திரியில் பலமுறை எழுந்து போவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது ஆகியவை எச்சரிக்கை மணி. வயிற்று வலி, வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேனில் ஏன் தெரியாது?

இன்சுலினைச் சுரப்பவை கணையத்தில் உள்ள பீட்டா செல்கள். இவை தீவு போன்ற சிறு கூட்டங்களாக இருக்கும். ஒரு கூட்டத்தின் அளவு சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் கணையத்தில் 1 முதல் 2 சதவீதம்தான் வரும். டைப் 1-ல் உடலின் எதிர்ப்பு சக்தியே இந்த செல்களைத் தாக்கி அழிக்கிறது. இது வழக்கமான அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேனில் தெரியாது. அதனால் 'ஸ்கேன் நார்மல்தானே' என்று இன்சுலினை நிறுத்தவே கூடாது.

நோயை உறுதி செய்வது ரத்தப் பரிசோதனைதான். முதலில் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சி-பெப்டைட், ஜி.ஏ.டி. ஆன்டிபாடி டெஸ்டுகளும் எடுப்பார்கள்.

அப்போ ஸ்கேன் எப்போது தேவை?

டைப் 1 போலவே இளம் வயதில் வரும் இன்னொரு சர்க்கரை நோய் உண்டு. கணையக் குழாயில் கால்சியம் கற்கள் உருவாகி, கணையமே பழுதாகி வருவது இது. 1959-ல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பிறகு கேரளாவில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ், சென்னையில் டாக்டர் வி. மோகன் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர். இன்று இது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனால் மறையவில்லை.

சின்ன வயதிலிருந்தே விட்டு விட்டு வரும் வயிற்று வலி, எண்ணெய்ப் பசையோடு போகும் மலம், மெலிந்த உடம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே கற்கள் வெள்ளையாகத் தெரியலாம், அல்ட்ராசவுண்டும் உதவும். கண்டுபிடித்தால் இன்சுலினோடு செரிமான என்சைம் மாத்திரையும் தேவைப்படலாம். பிற்காலத்தில் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தொடர் கண்காணிப்பும் அவசியம்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

டைப் 1 வந்தவர்களின் கணையம் சிறுத்திருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன. 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். மிக நுண்ணிய இரும்புத் துகள்களை ரத்தத்தில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அழற்சி உள்ள இடத்தில் ரத்தக் குழாய்கள் கசியும். அங்கே துகள்கள் அதிகம் தேங்கியதால் கணையத்தின் மீதான தாக்குதல் படத்தில் தெரிந்தது. 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பீட்டா செல்களில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள்.

இதனால் என்ன பயன்? நோயின் தொடக்கத்தைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தது. இது போன்ற மருந்து யாருக்குத் தேவை, எப்படி வேலை செய்கிறது என்பதை அறுவை சிகிச்சையோ ஊசியால் சதை எடுப்பதோ இல்லாமல் பார்க்க இந்தப் படங்கள் உதவலாம். ஆனால் இவை இன்னும் ஆய்வுக்கூட முறைகள்தான். ஊர் ஸ்கேன் சென்டரில் கிடைக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது

* அறிகுறி தெரிந்த அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பாருங்கள். காலை வெறும் வயிறு வரை காத்திருக்க வேண்டாம்.
* அளவு அதிகமாக இருந்தால் தாமதிக்காமல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள்.
* நீண்ட நாள் வயிற்று வலி இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.