மறுபெயர், புகழ், ஒப்பு: ஆங்கிலச் சொற்கள் காட்டும் வரலாறு

நம் வட்டத்துக் கவிஞர் பலருக்குப் பெயர் இரண்டு. பெற்றோர் இட்டது ஒன்று. தாமே சூடிக்கொண்டது மற்றொன்று. இவ்விரண்டாம் பெயரை ஆங்கிலத்தார் எச்சொற்களால் வழங்கினர் என்று பார்க்கப் புகுந்தேன். புகழையும் ஒப்புமையையும் குறிக்கும் சொற்கள் உடன்வந்தன. அவற்றைத் தொடர்ந்து மூன்று சகோதரியரின் வரலாறும் வந்தது.

பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் 'மேலும்' என்று பொருள். இயற்பெயருக்கு மேலும் வந்து சேர்ந்த பெயர் 'ஈக் நேம்'. அதனை 'அன் ஈக் நேம்' என்று சேர்த்துச் சொல்லுங்கால், முன்சொல்லின் ஒற்று பின்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டளவில் அதுவே தனிச்சொல்லாயிற்று. ஒற்றின்மேல் உயிர் ஏறுவதை நாள்தோறும் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இது வியப்பன்று. அவர்கள் பிரித்தெழுதுவதில் தவறினர். தவறே சொல்லாக நிலைத்தது.

'ஏலியஸ்' இலத்தீனச் சொல். 'பிறிதொரு வகையில்' என்பது பொருள். இன்று குற்றவாளியின் பெயர்களுக்கிடையே நிற்கும் இச்சொல்லுக்கு முன்பு அந்த இழிவு இல்லை. ஆலிவர் கிராம்வெலின் முன்னோர் ஒருவர், ரிச்சர்ட் வில்லியம்ஸ், தம் தாய்மாமன் தாமஸ் கிராம்வெலின் பெயரை ஏற்றார். அக்குடும்பத்தார் ஆவணங்களில் இரு பெயர்களையும் 'ஏலியஸ்' கொண்டு இணைத்தே எழுதி வந்தனர்.

எழுத்தாளரின் புனைபெயருக்கு வழங்கும் 'நோம் தெ ப்ளூம்' பிரெஞ்சு ஒலியுடையதாயினும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய தொடர். பிரெஞ்சுக்காரர்க்கு உரியது 'போர்ப்பெயர்' என்னும் பொருளுடைய தொடரே. படையிற் சேர்ந்த வீரன் பூண்ட பெயர் அது. கிரேக்க வழி வந்த 'சூடனிம்' வெளிப்படையாகவே 'பொய்ப்பெயர்' என்கிறது. 'புனை' என்று அழகுபடச் சொன்ன தமிழ் எனக்கு உவப்பானது.

புகழைக் குறிக்கும் 'ஃபேம்' என்பதன் இலத்தீன மூலம் 'ஃபாமா'. ஊர்ப்பேச்சு, வதந்தி என்பனவும் அதன் பொருள்கள். வர்ஜில் அதனைப் பல கண்ணும் பல நாவும் உடைய பூதமாகவே காட்டினார். 'ரினௌன்' என்பதிலோ பெயரே உள்ளது. மீண்டும் மீண்டும் பெயர் சொல்லப்படுதல் என்பது அதன் அடிப்பொருள். 'பெயரெடுத்தார்' என்னும் நம் வழக்கு இதற்கு அண்மையது.

'போல' என்னும் பொருள் தரும் 'லைக்' என்பதுதான் என்னைப் பெரிதும் நிறுத்திய சொல். அதன் வேர் உடலைக் குறிப்பது. 'ஒத்த உடலுடையது' என்பதே பழம்பொருள். குறுந்தொகையில் உவமை ஒன்றே செம்புலப்பெயனீராருக்குப் பெயராயிற்று. அவர் உடலைக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. பிராண்ட்டே சகோதரியர்க்கு அது எழுந்தது.

1837இல் அரசவைக் கவிஞர் இராபர்ட் சௌதே, இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருத்தல் ஆகாது என்னும் கருத்தில் ஷார்லட் பிராண்ட்டேக்கு மடல் எழுதினார். 1846இல் மூவரும் கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் பெயர்களில் கவிதை நூல் வெளியிட்டனர். ஷார்லட், எமிலி, ஆன் என்னும் பெயர்களின் முதலெழுத்துகளை மட்டும் கைவிடவில்லை. பெண் எழுத்தாளரை உலகம் ஓரவஞ்சனையோடு நோக்கும் என்பது அவர்கள் அச்சம். நூல் விற்றது இரண்டே படிகள் என்பர்.

1847இல் 'ஜேன் அயர்' நாவல் கர்ரர் பெல்லுக்குப் பெரும்புகழ் தந்தது. அவ்வாண்டே எமிலியின் 'வூதரிங் ஹைட்ஸ்' முதலிய தங்கையர் நாவல்களும் வெளிவந்தன. உடனே ஊர்ப்பேச்சு எழுந்தது: மூன்று பெல்களும் ஒருவரே! தங்கையரின் பதிப்பாளர் ஆனின் அடுத்த நாவலைக் கர்ரர் பெல்லின் புது நாவல் என்றே அமெரிக்காவுக்கு விற்க முற்பட்டார். ஒத்த பெயர் புகழை ஈட்டிற்று. ஈட்டிய புகழ் தங்கையரை விழுங்கியது.

1848 ஜூலையில் ஷார்லட்டும் ஆனும் இரவு இரயிலேறி இலண்டன் சென்றனர். எமிலி உடன்படவில்லை. தம் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்திடம், அவர் கர்ரர் பெல்லுக்கு எழுதிய கடிதத்தையே ஷார்லட் நீட்டினார். இது உம் கைக்கு எவ்வாறு வந்தது என்று அவர் வினவினார். தாம் ஒருவர் அல்லர் என்று மெய்ப்பிக்க இருவர் நேரில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அப்போதும் மறைவு நீங்கவில்லை. இலண்டனில் பிறர்க்கு அவர்கள் 'பிரவுன் சகோதரியர்' என்றே அறிமுகமாயினர். பெயருக்குமேல் பெயர், 'ஈக் நேம்' என்பதன் பழம்பொருள் இங்கே எவ்வளவு பொருந்துகிறது!

அவ்வாண்டு டிசம்பரில் எமிலி மறைந்தார். 1849 மே மாதத்தில் ஆன். 1850இல் தங்கையர் நாவல்களின் மறுபதிப்புக்கு ஷார்லட் ஒரு வரலாற்றுக் குறிப்பு வரைந்தார். பெல்கள் மூவரும் வெவ்வேறானவர், தம் இயற்பெயரை மறைத்துக்கொண்டவர் என்று அதில் எடுத்துரைத்தார். அக்குறிப்பின் கீழும் அவர் இட்ட கையொப்பம் கர்ரர் பெல் என்பதே.